பாம்பு லேபிள்

தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு ஆமத்தூர் ரோட்டுச் சோதனைச் சாவடிக்கு வந்து சேரும்வரை இருளம்மாளுக்கு உயிர் உடம்பில் இல்லை. புருசன் முனியராஜ் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் ஓட்டிவந்த மினி லாரி வேப்பமரத்தடியில் நின்றது. உள்ளே பட்டாசு லோடு. பெட்டிகளில் சீனாக்காரன் எழுத்து இருக்கிறது, கடத்தல் சரக்காக இருக்குமோ என்று காலையிலேயே மடக்கிவிட்டார்களாம். செய்தி அதற்குள் சொந்த ஊரான தாயில்பட்டி முழுக்கப் பரவிவிட்டது. மூத்த மகளுக்கு நிச்சயம் பேசியிருக்கிற நேரம் வேறு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

எஸ்.ஐ. சரவணக்குமார் ஒரு பெட்டியைக் காட்டினார். "ஏம்மா, பட்டாசு கம்பெனியிலதானே வேலை பாக்குற? இந்த லேபிள் எந்த ஊருன்னு தெரியுமா?"

படமெடுத்த பாம்பு, அதைச் சுற்றி எழுத்து. இருளம்மாளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"அட, இதுக்காய்யா இவரைப் புடிச்சு வச்சிருக்கீக? இது சிவகாசியில அச்சடிச்சது. எழுத்தும் கிடையாது ஒண்ணும் கிடையாது, சும்மா கிறுக்கல். இப்படிப் போட்டாத்தான் ஃபேன்ஸி வெடி விக்குமாம். தெனமும் நாந்தான் ஒட்டுறேன்."

எஸ்.ஐ. நெற்றியைத் தேய்த்தார். "சந்தேகம்னா வண்டியை நிறுத்தலாம், கஸ்டம்ஸுக்குத் தகவல் சொல்லலாம். அம்புட்டுதான். அந்தக் கேஸ் போடுற அதிகாரம் எனக்கு இல்ல. நீயே இப்படிச் சொல்ற, பில்லும் வச்சிருக்காரு. சரி, கூட்டிட்டுப் போ."

முனியராஜ் எழுந்தேவிட்டான். "வா புள்ள, போவோம்."

அங்கேதான் அவள் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது. காலையிலிருந்து வயிற்றில் கட்டிக்கொண்டிருந்த நெருப்பெல்லாம் கோபமாகக் கிளம்பியது.

"போன்னா போயிருவமா? ஊரே கள்ளச் சரக்குன்னு பேசுதுய்யா! சம்பந்தி வீட்டுல எந்த மூஞ்சிய வச்சுப் பேசுறது? உங்களுக்கு அதிகாரம் இல்லைன்னா, இருக்கிறவுகளக் கூப்பிடுங்க. அவுக பிரிச்சுப் பாத்து, நல்ல சரக்குன்னு சொல்லட்டும். அப்பதான் எம் புருசன் இங்கனருந்து கெளம்புவாரு."

"வேணாம் இருளு."

"நீங்க சும்மா இருங்க. தப்புப் பண்ணாதவுகளுக்கு என்ன பயம்?"

எஸ்.ஐ. அவனைப் பார்த்தார். வேண்டாம் என்ற அந்தக் குரல் அவருக்கும் கேட்டிருந்தது. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கஸ்டம்ஸ் ஜீப் தூத்துக்குடியிலிருந்து வரவேண்டும். வெயில் ஏறியது. சாப்பிடச் சொல்லியும் முனியராஜ் வாளியைத் திறக்கவில்லை. சட்டை தொப்பலாக நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. காக்கியைக் கண்ட பயம் இன்னும் போகலை, பாவம் மனுசன் என்று அவள் முந்தானையால் விசிறிவிட்டாள்.

கஸ்டம்ஸ் அதிகாரி வந்து முதல் பெட்டியைக் கிழித்தார். மேல் வரிசை நம்மூர்ப் புஸ்வாணம். அதை அள்ளி வைத்தார். அடியில் பளபளவென்று வேறு தாள், வேறு உருளை. எந்தக் கம்பெனியிலும் அவள் கண்டிராத சரக்கு.

இருளம்மாள் பெட்டியருகே குனிந்தாள். அப்போதுதான் லேபிளை உற்றுப் பார்த்தாள். பாம்பின் கண் இடம் விலகி நெற்றியில் அச்சாகியிருந்தது. கழித்துப்போட்ட தாள். பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடவேண்டும் என்று போன மாதம் முனியராஜ் கேட்டதால், கம்பெனியில் சொல்லி ஒரு கட்டு வாங்கி வந்தவள் அவளேதான். சிவகாசிப் பக்கம் எல்லாப் பிள்ளைகளின் நோட்டுக்கும் கழிவு லேபிள்தானே அட்டை. வீட்டில் நோட்டுகள் இன்னும் அட்டையில்லாமல்தான் கிடக்கின்றன.

"மூத்தவளுக்காகத்தான் புள்ள," என்றான் முனியராஜ். அதற்குள் அவனை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

அவள் ஓடிப்போய் எஸ்.ஐ.யின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அய்யா, கூட்டிட்டுப் போன்னு சொன்னீகளே! அதையே இப்பவும் சொல்லுங்கய்யா! உங்க காலுல விழுறேன்!"

சரவணக்குமார் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"எனக்கு அதிகாரம் இல்லம்மா."