அதே சாம்பல் நிறக் கார்

1

இந்தக் கதை எனக்கு இறைச்சிக் கடை வரிசையில் கிடைத்தது. கிடைத்தது என்பது மரியாதைக்குச் சொல்வது, ஒட்டுக்கேட்டேன். இந்த ஊரில் இத்தனை வருடம் குப்பை கொட்டியதில் அதற்கான உரிமை எனக்கு வந்துவிட்டதாக நினைக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ரைன் நதியின் மேல் பனிமூட்டம் வெண்துகில் போல..." வேண்டாம். பனிமூட்டத்தை எந்தக் கதையின் தலையிலும் வைக்கலாம். இது, சுவிட்சர்லாந்தில் விலை அதிகம் என்று பக்கத்து நாட்டில் கார் வாங்கிய ஒருவரின் கதை.

அடுத்து: "எட்வின் லூகிங்கர் யாரையும் ஏமாற்றியதில்லை." இதையும் அடிக்கப் போனேன். அடிக்கவில்லை. அது உண்மை, சிக்கலே அங்கேதான்.

2

எட்வின் எங்கள் ஊர் இறைச்சிக் கடைக்காரர். வியாபாரிகள் சங்கத் தலைவரும் அவரே. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியா. இறைச்சி அங்கே பாதி விலை. சனிக்கிழமை காலையில் பாலத்தின் மேல் எங்கள் ஊர்க் கார்கள் வரிசை கட்டி நிற்கும். பார்த்துப் பார்த்து வயிறெரிந்த எட்வின், சங்கத்தில் பேசி, எல்லாக் கடைகளிலும் ஒரு பலகை மாட்ட வைத்தார்: "ஊரில் வாங்குவோம்." வாசகம் அவருடையது. பலகைச் செலவு நோல்டி ஹுட்டருடையது.

நோல்டி ஊரில் கார் விற்பவர், பழுதும் பார்ப்பவர். எட்வினோடு ஒரே பெஞ்சில் படித்தவர். (நோல்டியின் கணக்கைப் பார்த்து எழுதித்தான் எட்வின் தேறினார் என்று ஒரு வாக்கியம் இங்கே இருந்தது. அது எனக்கு எப்படித் தெரியும்? எடுத்துவிட்டேன். நீங்களும் படிக்காத மாதிரி இருந்துகொள்ளுங்கள்.) நோல்டி சனிக்கிழமை தவறாமல் எட்வின் கடைக்கு வந்து எட்டு வெள்ளைச் சாசேஜ் வாங்குவார். அதற்குக் கடுகு விழுது தொட்டுக்கொள்வது எங்கள் பக்கத்தில் அவமானம்; அதைக் கேட்டு ஊர் மானத்தை வாங்க மாட்டார்.

3

எட்வினின் பழைய கார் இந்தக் கோடையில் படுத்துவிட்டது. அதே கம்பெனியின் புது வண்டி, வரியும் சுங்கமும் கட்டிய பிறகும், அக்கரையில் ஆறாயிரம் ஃபிராங்க் குறைவு.

"நோல்டிகிட்ட விலை கேட்டுப் பாத்தியா?" என்றாள் மனைவி மார்லிஸ்.

"கேட்டா வாங்கணும்."

"அப்படின்னு சட்டமா?"

"சட்டம் இல்ல. நோல்டி."

"அப்ப நீ மாட்டின பலகை?"

"அது கறிக்கு."

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு யோசித்தேன். மனிதரை நான் அளவுக்கு மீறி மட்டம் தட்டுகிறேனோ? ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்: கடையில் வியாபாரம் இறங்கிக்கொண்டே வந்தது. ஊர்க்காரர்கள் பாலம் தாண்டிப் போனதால்தான் அவருக்கு அந்த ஆறாயிரம் தேவைப்பட்டது. அதனால் அவரும் பாலம் தாண்டினார். இதற்கு மேல் அவருக்காக நான் வாதாட முடியாது.

திட்டம் போடுவதில் ஆள் கெட்டி. அதே மாடல், அதே சாம்பல் நிறம். இங்கே நம்பர் பலகை காருக்கு அல்ல, ஆளுக்குச் சொந்தம். பழைய நம்பரே புது வண்டியில் ஏறியது. நம்பரைச் சுற்றியிருந்த, ஆஸ்திரியக் கடையின் பெயர் போட்ட சட்டத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டார். சுங்கத்தில் மட்டும் வரிசையில் நின்று கடைசிக் காசு வரை கட்டினார். அரசாங்கத்திடம் மறைக்க அவருக்கு மனம் வராது. நோல்டியிடம்தான் மறைத்தார்.

ஊரில் யாரும் கவனிக்கவில்லை. அந்த வெற்றியில் ஒருத்திக்கு மட்டும் வருத்தம்.

"புதுக் கார்ல போறேன், ஒரு நாய்கூடத் திரும்பிப் பாக்கல," என்றாள் மார்லிஸ்.

4

அக்டோபர் வந்தது. குளிர்காலத்துக்கு இங்கே வேறு டயர் மாட்ட வேண்டும். கோடை முழுக்க அவற்றை வீட்டில் வைத்து யாரும் இடத்தை அடைப்பதில்லை. வண்டி பார்ப்பவரிடமே விட்டுவைப்பார்கள். எட்வினின் நான்கு டயர்களும், மேலே சுண்ணக்கட்டியில் அவர் பெயரோடு, நோல்டியின் நிலவறையில் இருந்தன. சட்டத்தைக் கழற்றிய மூளைக்கு இது தோன்றவில்லை. அதே மாடல்தான் என்றாலும் புது வண்டியின் சக்கரம் பெரியது, பழைய டயர் சேராது.

வருடாவருடம் செய்வதுபோல் நோல்டி போன் செய்தார்.

"மலையில பனி விழுந்துடுச்சு. உன் டயர் கீழ தூங்குது. எப்ப வர்றே?"

"இந்த வாரம் வேலைடா."

"அடுத்த வாரம்?"

"மார்லிஸுக்கு இடுப்பு வலி."

"அவ இடுப்புல நான் டயர் மாட்டப் போறதில்லையே."

எட்வின் சிரித்தார். போனை வைத்த பிறகு யோசித்தார். வேறெங்காவது புது டயர் மாட்டிக்கொள்ளலாம். நிலவறையில் கிடக்கும் பழைய நான்கை என்ன செய்வது? அவருக்குப் பயமாக இருந்தது. ஊர் சிரிக்குமே என்பதுகூட அப்புறம். நோல்டி ஒரு சனிக்கிழமை வராமல் போய்விட்டால்? அப்படி ஒரு சனிக்கிழமையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

5

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. எட்வின் டயர் வாங்கப் பாலத்தில் போகிறார். எதிரே நோல்டியின் வண்டி வருகிறது, பின்பெட்டி நிறைய ஆஸ்திரிய இறைச்சி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து... ஒரு நாள் முழுக்க இந்த முடிவு பிடித்திருந்தது. ஆனால் நோல்டி அப்படி வாங்குகிறவர் இல்லை. என் வசதிக்காக அவர் மேல் பழி போட முடியாது.

இன்னொன்று. டயர் மாற்றாத கார் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் விழ, நோல்டி வந்து இழுத்து, எட்வின் கண்ணீர் மல்க... சே. பாத்திரத்தைப் பள்ளத்தில் தள்ளித் திருத்துவது சோம்பேறியின் வேலை.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

6

சனிக்கிழமை. நோல்டியின் வேன் கடை வாசலில் வந்து நின்றது. நான்கு டயர்களையும் இறக்கி, "ஊரில் வாங்குவோம்" பலகைக்குக் கீழே அடுக்கிவைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் நான்.

அவர் முறை வந்தது.

"எட்டா?" என்றார் எட்வின்.

"எட்டு."

எட்வின் சாசேஜை எடுத்துச் சுற்றினார். கண் வாசல் பக்கம் போய்ப் போய் வந்தது.

"டயரைக் கொண்டுவந்துட்டேன்," என்றார் நோல்டி. "இனி உன் வண்டிக்கு அது சேராது. யாருக்காவது வித்துடு."

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"ஆகஸ்ட்ல. கடைக்குப் பின்னால நின்னுச்சு. ஊர்ல எல்லாரும் நிறத்தைப் பாப்பாங்க, நான் சக்கரத்தைப் பாப்பேன்."

ஆகஸ்டிலிருந்து எத்தனை சனிக்கிழமை அவர் வந்து, வானிலை பேசி, எட்டு வாங்கிப் போயிருக்கிறார் என்று எட்வின் நினைத்திருக்க வேண்டும். பொட்டலம் கட்டிய நூலைக் கத்தரிக்க மறந்து நின்றார்.

"அப்புறம் எதுக்குடா போன் பண்ணினே?"

"நீயே சொல்லுவேன்னு."

நோல்டி குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

"அந்த விலைக்கு என்னால குடுத்திருக்க முடியாது, எட்வின். போய் வாங்கிக்கடான்னு நானே சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

காசை எண்ணி மேடையில் வைத்தார்.

7

இப்போது எட்வின் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். "மன்னிச்சுடுடா" என்று எழுதினேன், அடித்தேன். "வியாபாரம் ரொம்ப இறங்கிப்போச்சு, நோல்டி, அதனால" என்று எழுதினேன், பாதியில் விட்டேன். மார்லிஸை உள்ளிருந்து வரவழைத்தேன், திருப்பி அனுப்பினேன்.

(ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். எட்வின் அப்போது நோல்டியின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். வாக்கியம் எழுதுவதுதானே இவன் பிழைப்பு என்று நினைத்தாரோ என்னவோ. நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பன்றித்தொடையின் விலையைப் படித்துக்கொண்டிருந்தேன்.)

எனக்கு அடுத்து வரிசையில் நிற்பது நீங்கள். இப்போது எட்வின் உங்களைப் பார்க்கிறார். ஏதாவது சொல்லிக்கொடுங்கள், சீக்கிரம்.

நோல்டி இன்னும் பொட்டலத்தை எடுக்கவில்லை.