பேர் சொல்லு, ஹைமா

காக்கிநாடாவை விட்டுப் போய்விடலாம் என்று முதலில் சொன்னது சத்யநாராயணராவ் என்கிற சத்திபாபுதான். சொன்னான் என்பதைவிடக் கெஞ்சினான் என்பதே சரி. பெயின்ட் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்தவன், கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் இடுப்பில் கை வைத்தான். அவள் கத்தவில்லை, அழவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றினாள். மதியச் சாப்பாட்டு நேரம். ஆபீஸே பார்த்தது.

கம்பெனி விஷயத்தை அமுக்கி, அவனைத் தேசத்தின் மறுகோடியில் இருந்த புனேக்கு மாற்றியது. வெளியில் பதவி உயர்வு என்று சொல்லிக்கொண்டான். வீட்டில் மட்டும் மனைவியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். "புத்தி கெட்டுப் போச்சு ஹைமா. நம்மளத் தெரியாத ஊருக்குப் போயிடலாம். நீ கூட வரலேன்னா எல்லாருக்கும் புரிஞ்சிடும்."

ஹைமவதி பெண்கள் பள்ளியில் தெலுங்கு டீச்சர். வாயில் பாட்டும் பழமொழியும் துள்ளும். ஓய்வறையில் அவள் ஒருவரைக் கேலி செய்தால் அந்தக் கேலி அவர் ரிட்டயர் ஆகும்வரை கூடவே போகும் என்பார்கள். அப்படிப்பட்டவள் இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டாள். கூடப்பிறந்த தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. வேலையை விட்டாள், மகனை விஜயவாடாவில் கல்லூரி விடுதியில் விட்டாள், பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு அவனோடு போனாள்.

புனேயில் அவளுக்கு வாய் இல்லாமல் போயிற்று. மராத்தி தெரியாது. இந்தி, பள்ளிக்கூடத்தில் படித்தது. ஆணைப் பெண்ணாக்கும், பெண்ணை ஆணாக்கும். காய்காரனிடம் "நீ எவ்வளவு அழகு?" என்று கேட்டுவிட்டாள், கேட்க நினைத்தது புடலங்காயின் விலையை. அவன் பக்கத்து வண்டிக்காரனைக் கூப்பிட்டு அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னான். முதல் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிர மீன் வறுத்தாள். மறுநாள் காலை லிஃப்டுக்குப் பக்கத்தில் அழகான கையெழுத்தில் மராத்தியில் ஓர் அறிவிப்பு தொங்கியது. 'மீன் வறுப்பவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு வறுக்கவும். மணத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டாம்.' அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்து, ஏதோ தண்ணீர் வராத செய்தி என்று நினைத்து, வீட்டுக்கு வந்து வாளிகளை நிரப்பி வைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அறிவிப்பின் அர்த்தத்தைச் சத்திபாபு வாட்ச்மேனிடம் கேட்டு வந்து சொன்னான். மறுநாள் காலை அவன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது ஹைமவதி குளியலறைக்குள் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அழுதாள். அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. தண்ணீர்ச் சத்தத்தில் தான் அழுவது யாருக்கும் கேட்காது என்று நம்பினாள். வெளியே வரும்போது முகம் கழுவி, பொட்டு வைத்து, "இட்லி எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்பாள்.

அந்தக் கட்டடத்தில் அவளோடு பேசிய ஒரே ஆள் எதிர்வீட்டு விருஷாலி கானிட்கர். ஒல்லியான, வெள்ளை வெளேரென்ற பெண். எல்லாரும் அவளை வஹினி என்றார்கள். அண்ணி என்று அர்த்தம். அவளாகவே ஒருநாள் கதவைத் தட்டி, "எத்தனை நாள் இப்படி ஊமையா இருப்பே? வா, நான் மராத்தி சொல்லித் தரேன்" என்றாள், பாதி இந்தியும் பாதி சைகையுமாக. ஹைமவதி அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். அன்று இரண்டு டம்ளர் காப்பி போட்டாள். விருஷாலி காப்பி குடிக்கமாட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது; அன்றைக்கு முகம் சுளிக்காமல் குடித்தாள்.

சங்கராந்தி வந்தது. அங்கே சங்கராந்தியிலிருந்து ரதசப்தமிவரை வீட்டுக்கு வீடு மஞ்சள் குங்குமம் கொடுப்பார்கள். வந்த பெண்களை, "பேர் சொல்லு, பேர் சொல்லு" என்று நடுவில் நிறுத்துவார்கள். புருஷன் பெயரை வைத்து எதுகையோடு இரண்டு வரி சொல்ல வேண்டும். அதற்கு உகாணா என்று பெயர்.

"உனக்கு நான் ஒண்ணு கட்டித் தரேன்" என்றாள் விருஷாலி.

"எங்க ஊர்ல புருஷன் பேரைச் சொல்லவே மாட்டோம் வஹினி."

"இங்க சொல்லாட்டி புருஷன் மேல ஆசை இல்லேன்னு அர்த்தம். எழுதிக்கோ."

ஹைமவதி தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொண்டாள். தண்ணீர், குழாய், தொட்டி என்று சில சொற்கள் இந்தி மாதிரியே காதில் பட்டன. என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

"உன் வீட்டுக்காரரோட அன்பு தண்ணி மாதிரி ஓடிக்கிட்டே இருக்காம். உன் வாழ்க்கைத் தொட்டி எப்பவும் நிறைஞ்சே இருக்காம். நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு வஹினி" என்ற ஹைமவதிக்குக் கண் நிறைந்தது.

பாடம் நடத்துகிறவளாயிற்றே, மனப்பாடம் செய்வதா கஷ்டம்? அன்று சாயங்காலம் விருஷாலியின் கூடத்தில் கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, கருநீலப் புடவை கட்டிக்கொண்டு நடுவில் நின்று, கை கூப்பி, ஓர் எழுத்து பிசகாமல் சொன்னாள். முதலில் ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க, அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள். மடியில் இருந்த எள்ளுருண்டை உருளச் சிரித்தார்கள். "இன்னொருதரம்! இன்னொருதரம்!" ஹைமவதி இன்னொருதரம் சொன்னாள். யாரோ கைபேசியில் படம் பிடித்து அவளுக்கும் அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடாத வீடு இல்லை. படியில் பார்த்தாலும் "பேர் சொல்லு, ஹைமா" என்பார்கள். வாட்ச்மேன் மனைவிகூடக் கேட்டாள். அவளும் சொன்னாள். தங்கைக்குப் போன் செய்து, "இங்க எல்லாருக்கும் என்னைப் புடிச்சுப்போச்சுடி. நான்தான் ஆரம்பத்துல தப்பா நினைச்சிட்டேன்" என்றாள். காலையில் குளியலறைக் குழாய் முழுக்கத் திறந்து ஓடுவதும் சில நாள் நின்றது. சத்திபாபுவும் உற்சாகமாக இருந்தான். சாயங்காலம் கீழே நாற்காலி போட்டு உட்காரும் ஆண்கள் கூட்டத்தில் விருஷாலியின் புருஷன் மிலிந்துக்குப் பக்கத்து நாற்காலி இப்போது அவனுடையது.

ரதசப்தமிக்கு மொத்தக் கட்டடமும் மொட்டைமாடியில் கூடுவதாக ஏற்பாடு. அதற்கென்று ஹைமவதி ஒரு புதுப்புடவை எடுத்து, ஃபால் தைக்க மார்க்கெட்டில் ஒரு கடைக்குப் போனாள். கடையில் நிற்கும்போது தங்கை கூப்பிட்டாள். பேசி முடித்ததும் தையல் மெஷினிலிருந்து ஒரு குரல், "அக்கா, தெலுங்கா?" என்றது.

ரேணுகா சோலாப்பூர்க்காரி. முன்னோர்கள் தெலுங்கு நாட்டிலிருந்து தறியோடு போனவர்கள். வீட்டில் தெலுங்கு, வெளியில் மராத்தி. அவளுடைய தெலுங்கு கல்லும் முள்ளுமாக இருந்தது. இருந்தாலும் ஹைமவதிக்குத் தேனாகப் பாய்ந்தது. ஒரு மணிநேரம் பேசினார்கள். பேச்சுவாக்கில், "நானும் மராத்தி பேசுவேன் தெரியுமா?" என்று பெருமையாகக் கைபேசியை எடுத்து அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினாள்.

ரேணுகா பார்த்தாள். மெஷினில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள். "அய்யோ அக்கா! எவ்வளவு தைரியம்! உங்களையே நீங்க கிண்டல் பண்ணிக்கிறீங்களே. யார் இப்படிச் செய்வா?"

"கிண்டலா?"

ரேணுகாவின் சிரிப்பு நின்றது. "உங்களுக்குத் தெரிஞ்சுதானே சொன்னீங்க?"

"நீ தெலுங்குல சொல்லு."

"வேணாம்க்கா."

"சொல்லு ரேணுகா."

அவள் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

*குளியலறையில் குழாய் ஓடுது, குமுறிக் கண்ணு கொட்டுது,*
*சத்யநாராயணராவ் பெண்டாட்டி அழுது மாடித் தொட்டி வத்துது.*

ஹைமவதி இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். பிறகு படத்தையும் இன்னொருமுறை போட்டுப் பார்த்தாள். அதில் கை கூப்பி நிற்கிற பெண்ணின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

விருஷாலி மேல் அவளுக்குக் கோபம் வர வெகுநேரம் ஆனது. அதற்கு முன்னாலேயே வேறொன்று உறைத்துவிட்டது. குழாய் விஷயம் விருஷாலிக்கு எப்படித் தெரியும்?

சத்திபாபு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள். "நான் பாத்ரூம்ல அழுதது உங்களுக்குக் கேட்டுதா?"

அவன் கை தட்டில் நின்றது. "கேக்காம என்ன? சின்ன வீடுதானே."

"ஒருநாளாவது கதவைத் தட்டினீங்களா?"

"தட்டினா இன்னும் அழுவே."

"மிலிந்த்கிட்டே ஏன் சொன்னீங்க?"

அவன் மோர் ஊற்றிக்கொண்டான். "சும்மா தமாஷுக்கு. தண்ணிப் பிரச்சினை பத்திப் பேசிட்டிருந்தாங்க, நான் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அன்னிக்குத்தான் முதல்முதலா எனக்கு நாற்காலி போட்டாங்க. இங்க பாரு ஹைமா, புது ஊரு. ஒரு கூட்டத்துல சேரணும்னா எதையாவது குடுத்துத்தான் சேரணும்."

"என்னைக் குடுத்தீங்க."

"இதைப் பெருசு பண்ணாதே. உன்னாலதான் நமக்கு இப்ப மரியாதை. நாளன்னிக்கு மாடியில கேட்டாலும் சிரிச்சிட்டே சொல்லிடு."

"நான் சொல்ற பாட்டு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மராத்தி எனக்கெங்க தெரியும்? மிலிந்த் இந்தியில சொன்னான். நல்லாத்தான் கட்டியிருக்கா" என்றவன், தன்னை மறந்து கொஞ்சம் சிரித்தும்விட்டான்.

ஹைமவதி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ரேணுகாவின் கடை திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். இரண்டு வரிகளைத் தெலுங்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ரேணுகா கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இது நெசமா?"

"நெசம்."

"வேணாம்க்கா. அந்த வஹினிக்கு ஏதாவது கட்டித் தரேன், நாண்டுக்கிட்டு சாவா. இவரு உங்க புருஷன். இவரு மானம் போனா உங்க மானமும்தானே போகும்?"

"என் மானம் போனதைத்தான் நீ படத்துல பாத்தியே. நீ மொழியை மட்டும் மாத்திக் குடு. எதுகை போயிடக் கூடாது."

அன்று முழுக்க உட்கார்ந்து சொல் சொல்லாகச் சரிசெய்தார்கள். ஹைமவதி டீச்சருக்கு இருபது வருஷத்துப் பழக்கம்; சந்தம் இடித்தால் ஒப்புக்கொள்ள மாட்டாள். ரேணுகாவுக்கு அலுத்துப்போயிற்று.

ரதசப்தமியன்று மொட்டைமாடியில் விளக்குச் சரம் கட்டியிருந்தார்கள். பெண்கள் முன்னால் ஜமக்காளத்தில், ஆண்கள் பின்னால் நாற்காலிகளில். ஒவ்வொருத்தியாகப் பேர் சொன்னார்கள். ஹைமவதியின் முறை வந்ததும் மிலிந்தே எழுந்து கத்தினான். "ஹைமா வஹினி, பேர் சொல்லுங்க! தண்ணித் தொட்டி எல்லாம் நிறைஞ்சிருக்கு, கவலைப்படாதீங்க!"

சிரிப்பு அடங்கட்டும் என்று ஹைமவதி காத்திருந்தாள். விருஷாலி அவள் கையில் மைக்கைக் கொடுத்து, கன்னத்தைத் தட்டினாள். "புதுசா ஒண்ணு" என்றாள் ஹைமவதி, மராத்தியில். பிறகு சொன்னாள்.

*காக்கிநாடாக் கடற்கரையில் அலை எழுந்து அடிச்சுது,*
*கணக்குப் பொண்ணு இடுப்பைத் தொட்ட சத்யநாராயணராவை*
*செருப்பு எழுந்து அடிச்சுது.*

மூன்று வரியாக நீண்டுவிட்டது. அது ஒன்றுதான் குறை.

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் சத்திபாபு மட்டும் சிரித்தான். காக்கிநாடா காதில் விழுந்தது, தன் பெயர் காதில் விழுந்தது. தான் சொன்னதை மனைவி கேட்டுக்கொண்டாள் என்று எண்ணிப் பெருமையோடு கை தட்டினான். அந்த நிசப்தத்தில் அவன் ஒருவன் தட்டியது பெரிதாகக் கேட்டது. எல்லாரும் திரும்பி அவனையே பார்த்தார்கள். மிலிந்த் குனிந்து அவன் காதில் இந்தியில் சொன்னான். தட்டிய கை அப்படியே நின்றது.

"பொய்!" என்று எழுந்தான். "அவளுக்கு பாஷை தெரியாது. யாரோ தப்பாச் சொல்லிக் குடுத்திருக்காங்க!"

விருஷாலி திடுக்கிட்டு, "நான் இல்லப்பா" என்றாள்.

"தப்பில்லை" என்றாள் ஹைமவதி மைக்கில், ஒவ்வொரு மராத்திச் சொல்லாக எடுத்து வைத்து. "அந்தப் பொண்ணோட பேரும் எதுகையா வரும். ஆனா அது நல்ல பொண்ணு, சொல்லமாட்டேன்."

அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. கிழவிக்கு இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. சத்திபாபு நாற்காலிகளுக்கு நடுவில் வழி தேடி, இரண்டைத் தள்ளிவிட்டு, படியிறங்கிப் போனான். ஹைமவதி உட்கார்ந்து தட்டில் கொடுத்த உப்புமாவை முழுக்கச் சாப்பிட்டாள். விருஷாலி பக்கத்தில் வந்து நெருங்கி உட்கார்ந்தாள். அவள் பார்வையில் முதல்முறையாகக் கொஞ்சம் பயம் இருந்தது. அது ஹைமவதிக்குப் பிடித்திருந்தது.

சத்திபாபுவுக்கு அந்த வாரமே பெயர் வைத்துவிட்டார்கள்: கோலாப்பூரி. அந்த ஊர்ச் செருப்பு பிரசித்தம். லிஃப்டுக்குப் பக்கத்தில் அதே அழகான கையெழுத்தில், 'பெண்கள் லிஃப்டில் காலணி அணிந்தே ஏறவும். தேவைப்படலாம்' என்று ஓர் அறிவிப்பு வந்தது. கீழே அவனுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு நேராக வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

வீட்டிலும் அவனுக்குப் பேச்சுத் துணை இல்லை. ஹைமவதி சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதிலும் சொன்னாள். எல்லாம் மராத்தியில். நாள்தோறும் அது சுத்தமாகிக்கொண்டு வந்தது. முதலில் அவன் கோபப்பட்டான். பிறகு ஒருநாள் சோற்றுத் தட்டைப் பிடித்தபடி, "ஹைமா, தெலுங்குல ஒரு வார்த்தை பேசு. காலையிலேர்ந்து யாரும் என்கிட்ட பேசல. வேற ஊருக்கு மாத்தல் கேக்கட்டுமா? போயிடலாமா?" என்று கேட்டான். அவள் ஏதோ சொன்னாள்.

"என்ன சொன்னே?"

அவள் திருப்பிச் சொல்லவில்லை. நீங்க போங்க, நான் வரல என்றுதான் சொன்னாள். அவனுக்கு அது புரிந்ததோ இல்லையோ, மாற்றல் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரேணுகா போன் செய்வாள். ஹைமவதி படுக்கையறையில் காலை நீட்டி உட்கார்ந்து, தெலுங்கில் வாய் ஓயாமல் பேசுவாள். பழமொழியும் கேலியும் பழைய மாதிரியே துள்ளும். அப்படி ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது வாசல்படியில் நிழல் தெரிந்தது. சத்திபாபு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஒன்றும் கேட்க வரவில்லை. அவள் பேசும் தெலுங்கைக் கேட்கத்தான் வந்திருந்தான். அவள் சொன்ன ஏதோ ஒரு கேலிக்கு அவன் உதடு லேசாக விரிந்தது.

ஹைமவதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, சொல்லிக்கொண்டிருந்த கதையை நிறுத்தாமலே, மீதியை மராத்தியில் சொல்ல ஆரம்பித்தாள்.