அந்தச் சொச்சம் யாருக்கு?

1

முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கம்பி விற்றேன்; கதை கொசுறாக வந்தது.

சிம்மக்கல்லில் எனக்கு வேலிக்கம்பிக் கடை. எழுத்து என்பது வியாபாரம் மந்தமான நேரத்துத் தொழில். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கால்குலேட்டர் கிடக்கும். அதன் பெருக்கல், கழித்தல் பொத்தான்களில் இப்போது குறியே இல்லை, விரல் தின்றுவிட்டது. ஒரே ஒரு பொத்தான் மட்டும் வாங்கிய அன்று இருந்த பளபளப்போடு இருக்கிறது: √. வர்க்கமூலம். எங்கள் தெருவில் யாரும் அதை அமுக்கியதில்லை. பேரம் பேசுகிறவனுக்கு அது எதற்கு?

போன திங்கட்கிழமை ஒரு பெண் அதை அமுக்கினாள். கதை அவ்வளவுதான்.

(எழுந்துவிடாதீர்கள். எங்கள் கடையில் முதலில் சொல்வது கடைசி விலை இல்லை.)

2

எப்படித் தொடங்குவது என்று சில மாதிரிகள் வெட்டிப் பார்த்தேன்.

"அலங்காநல்லூர்ச் சாலையில் விடியல் மெல்லப் படர்ந்தபோது, வைகையின் அலைகள்" — வேண்டாம். வைகையில் அலையா என்று மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள்.

"பண்டைய கிரேக்கத்தில் எண்களை வணங்கிய ஒரு கூட்டம்" — வேண்டாம். கிரேக்கர்கள் என் கடையில் கம்பி எடுத்ததில்லை.

"முத்திருளன் கடைக்குள் நுழைந்தபோது அவன் முகம் சுருட்டி வைத்த முள்கம்பி மாதிரி இருந்தது." இது ஓடும். இதையே வைத்துக்கொள்வோம்.

முத்திருளன் அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிறவன். அப்பா விட்டுப்போன வெண்டைத் தோட்டம் ஒன்று, நூறடிக்கு நூறடி, நல்ல சதுரம். அதை அவனும் தங்கை தாமரைச்செல்வியும் பிரித்துக்கொள்ள வேண்டும். தங்கையைக் கட்டிக்கொடுத்தது டி. கல்லுப்பட்டியில்.

சதுரத்தை நேராக இரண்டாக்கினால் சிக்கல். வடகிழக்கு மூலையில் கிணறு. தென்மேற்கு மூலையில் வண்டிப்பாதை. எப்படி நேராகக் கோடு போட்டாலும் ஒருவருக்குக் கிணறு போகும், இன்னொருவருக்குப் பாதை போகும். தாமரைதான் வழி சொன்னாளாம்: "மூலைக்கு மூலை குறுக்க வெட்டுவோம்ணே. கிணத்துலயும் ரெண்டு பேருக்கும் பாதி, பாதையிலயும் பாதி." அருமையான யோசனை. அதிலிருந்துதான் சண்டை ஆரம்பித்தது.

* குறுக்குக் கோட்டின் நீளம் என்ன? ஒரு சதுரத் துணியை மூலைக்கு மூலை மடித்தால் இரண்டு முக்கோணம். அதே போன்ற நான்கு முக்கோணங்களை, அவற்றின் சதுர மூலைகள் நடுவில் மூக்கோடு மூக்கு முட்ட வைத்தால் புதிதாக ஒரு பெரிய சதுரம் வரும். அதன் பக்கம்தான் நம் குறுக்குக் கோடு. இரண்டு முக்கோணம் நான்காகிவிட்டதால் பரப்பு இரண்டு மடங்கு. ஆகவே துணியின் பக்கம் ஒன்று என்றால், குறுக்குக் கோடு என்பது தன்னாலேயே பெருக்கினால் இரண்டு வருகிற எண். எந்த எண் அது? அங்கேதான் கதை நிற்கிறது.

3

பத்திரம் எழுதுகிறவர் குறுக்கு நீளம் கேட்டார். அண்ணன் டேப் பிடித்து வந்து சொன்னான்:

"நூத்து நாப்பத்தொண்ணு அடி."

"சரியாவா?" என்றாள் தங்கை.

"சொச்சம் இருக்கு."

"எம்புட்டுச் சொச்சம்?"

எழுதுகிறவர் போனில் தட்டினார். புள்ளி நான்கு என்றார்.

"அம்புட்டுத்தானா?"

இன்னும் தட்டினார். புள்ளி நான்கு இரண்டு.

"பெறகு?"

நான்கு இரண்டு ஒன்று.

"பெறகு?"

நான்கு இரண்டு ஒன்று மூன்று.

தாமரை எழுந்துவிட்டாள். "கேக்கக் கேக்க ஏறுதே! நான் கேக்காம இருந்திருந்தா இந்தச் சொச்சமெல்லாம் யாருக்குப் போயிருக்கும்?"

நீங்கள் சிரிக்கலாம். கோடு இரண்டு பேருக்கும் பொது, அது நீண்டாலும் குறைந்தாலும் நிலம் கூடாது, குறையாது என்று சொல்லலாம். நான் சிரிக்கவில்லை. எங்கள் தெருவில் ஓர் எண் அசைந்துகொண்டே இருக்கிறது என்றால் ஒரே அர்த்தம்தான்: எதிரில் உட்கார்ந்திருக்கிறவன் இன்னும் எதையோ மடியில் வைத்திருக்கிறான். பேரத்தில் வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் எழுந்திருப்பேன்.

ஆனால் முத்திருளனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "என்னையத் திருடன்னுட்டா அண்ணாச்சி" என்றான் என்னிடம். "கூடப் பொறந்தவள்ட்ட ஒரு இஞ்ச் திம்பேனா? வர்ற வெள்ளிக்கெழம அவ பிள்ளைக்குக் காதுகுத்து. நான் போகல."

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமன் உயிரோடு இருந்து, வேறு யார் மடியிலாவது குத்தினால், அந்தக் கேள்விக்குத் தாமரை ஆயுசுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். முத்திருளனுக்கும் அது தெரியும், தெரிந்துதான் சொல்கிறான். ஆக, ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் இரண்டு காதும் மாட்டிக்கொண்டன.

4

இந்த இடத்தில் அசோக்குமார் என்று ஒரு கணக்கு வாத்தியாரை உள்ளே விட்டிருந்தேன். கம்பி வாங்க வந்தவர் போல நுழைந்து, "விகிதமுறு எண் என்பது" என்று தொடங்கினார். இரண்டு பக்கம் ஆகியும் நிறுத்தவில்லை. ஒரு முறம் கூட வாங்கவில்லை. (என் கடையில் முறம் விற்பதில்லை. அந்த அளவுக்கு அவர் கதையைக் குழப்பினார்.) மொத்தமாக அடித்துவிட்டேன். ஆனால் அவரிடம் ஒரு நல்ல சரக்கு இருந்தது. அதை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். கடை மொழியில் சொல்கிறேன்.

அரை, முக்கால், ஐந்தில் ஏழு, இவையெல்லாம் விகிதமுறு எண்கள். மேலே ஒரு முழு எண், கீழே ஒரு முழு எண், கை குலுக்கியாயிற்று, பேரம் முடிந்தது. தசமத்தில் எழுதினால் ஓரிடத்தில் நிற்கும். இல்லையென்றால் ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாடும். நான்கின் வர்க்கமூலம் இரண்டு, நூறின் வர்க்கமூலம் பத்து. நாணயமான எண்கள்.

இப்போது ஒருவன் வருகிறான். "இரண்டின் வர்க்கமூலத்தையும் முடித்துவிட்டேன். மேலே ஒரு முழு எண், கீழே ஒரு முழு எண். இதற்குமேல் சுருக்க முடியாது. கடைசி விலை" என்கிறான்.

சரி, பார்ப்போம். மேல் எண்ணின் வர்க்கம், கீழ் எண்ணின் வர்க்கத்தைப் போல இரண்டு மடங்கு. அப்படியானால் அது இரட்டைப்படை. ஒற்றையை ஒற்றையால் பெருக்கினால் ஒற்றைதான் வரும். ஆகவே மேல் எண்ணும் இரட்டைப்படைதான். இரட்டை எண்ணின் வர்க்கத்துக்குள் ஒரு நான்கு ஒளிந்திருக்கும். அதில் பாதிதான் கீழ் எண்ணின் வர்க்கம். பாதியாக்கிய பிறகும் அதற்குள் ஓர் இரண்டு மிஞ்சும். ஆகவே கீழ் எண்ணும் இரட்டைப்படை.

மேலேயும் இரட்டை, கீழேயும் இரட்டை. அட, இரண்டையும் பாதியாக்கலாமே! கடைசி விலை என்றாயே தம்பி?

எந்த ஜோடியைக் கொண்டுவந்தாலும் இதே கதிதான். அப்படி ஒரு ஜோடியே கிடையாது. இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண். உலகத்தில் படியாத பேரம் ஒன்று உண்டு என்று இதை எழுதிப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தூக்கம் வரவில்லை என்று எழுதலாம், பொய். நன்றாகத் தூங்கினேன். ஆனால் மறுநாள் கடையைத் திறந்ததும் அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

5

திங்கட்கிழமை. முத்திருளன் கம்பி எடுக்க மறுபடியும் வந்தான். பின்னாலேயே தாமரை, இடுப்பில் பிள்ளையோடு. "கம்பி அளக்கும்போது நானும் இருப்பேன்" என்று முன்பே சொல்லியிருந்தாளாம். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கம்பிச் சுருள்தான் இடைவெளி. ஆனால் பேச்செல்லாம் என் வழியாக.

"குறுக்குக்குச் சரியா அளந்து வெட்டுங்க அண்ணாச்சி" என்றாள்.

"எந்த அளவுக்குன்னு அவங்களையே கேளுங்க அண்ணாச்சி. நான் சொன்னா மாத்திச் சொல்றேம்பாக" என்றான்.

"திருடன்னு நான் சொல்லவே இல்லைன்னு சொல்லுங்க."

"பெறகு என்னத்தச் சொன்னாகன்னு கேளுங்க."

"கணக்கு ஏறுதேன்னுதான் சொன்னேன்னு சொல்லுங்க."

நான் தபால்காரன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் கழுத்து வலித்தது. கால்குலேட்டரை எடுத்துத் தாமரை முன்னால் தள்ளினேன். "இந்தாம்மா. எந்த நம்பர அதாலயே பெருக்குனா ரெண்டு வருதோ, அதுல நூறு மடங்குதான் உங்க குறுக்கு. நீயே போடு."

அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஒரு விரலால் தட்டினாள். ஒன்று புள்ளி நான்கு. "ஒண்ணு தொண்ணூத்தாறு. கொறையுது." ஒன்று புள்ளி ஐந்து. "ரெண்டே கால். கூடுது."

"நடுவுல முடிச்சுக்க" என்றேன். வாய்ப் பழக்கம்.

நடுவில் போட்டாள். கூடியது. கொஞ்சம் இறக்கினாள். குறைந்தது. ஏற்றினாள், இறக்கினாள். இலக்கங்கள் திரையில் நீண்டுகொண்டே போயின. வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயே போய்விட்டார். பெருக்கிய விடை ஒரு பக்கம் ஒன்று புள்ளி ஒன்பது ஒன்பது என்று ஒன்பதாக வந்தது, மறுபக்கம் இரண்டு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் என்று பூஜ்யமாக வந்தது.

"அண்ணாச்சி, இதுக்குத் துளி கொறையுது, அதுக்குத் துளி கூடுது. ரெண்டு மட்டும் வரமாட்டேங்குது!"

"ஏ தாமர, அதெப்படி வராம போகும்? குடு இங்க." முத்திருளன் கையை நீட்டிப் பிடுங்கிவிட்டான். அவன் தட்டினான். நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தட்டினான். "ஆமா புள்ள!"

"அந்தா, அந்த அமுக்காத பட்டன அமுக்குண்ணே. பள்ளிக்கூடத்துல காட்டுவாகளே." அவன் தேடுவதற்குள் அவளே எட்டி இரண்டைப் போட்டு √ பொத்தானை அமுக்கினாள். திரை நிறைய எண். அவன் அதை அதாலேயே பெருக்கினான். ஒன்று. புள்ளி. திரை முட்ட ஒன்பது.

"மிஷினே புளுகுது!" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். பிள்ளை கையை நீட்டியது. அவன் பார்க்காமலேயே கால்குலேட்டரை அதன் கையில் கொடுத்தான்.

"அப்ப நீ மாத்தலண்ணே" என்றாள் தாமரை மெதுவாக. "அது அப்படித்தான் இருக்கு."

அப்போதுதான் அவனுக்குத் தாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பது ஞாபகம் வந்தது. முகம் மறுபடி சுருண்டது. என்னைப் பார்த்து, "கம்பிய வெட்டுங்க அண்ணாச்சி" என்றான்.

"பத்திரத்துல நம்பரே வேணாம்" என்றாள் அவளும் என்னிடமே. "கிணத்து மூலைக் கல்லுல இருந்து பாதை மூலைக் கல்லு வரைக்கும்னு எழுதுனாப் போதும். கல்லு ரெண்டும் எங்கயும் போகாது."

நூற்று நாற்பத்திரண்டு அடி வெட்டினேன். கம்பிக்காரன் எங்கேயாவது வெட்டித்தானே ஆக வேண்டும்? அரையடிக்கு மேல் மிஞ்சும், கொசுறு என்றேன்.

முத்திருளன் சுருளைத் தோளில் ஏற்றினான். "அந்த அரையடிய..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

"வெள்ளிக்கெழம காலைல கோயில்லண்ணே" என்றாள் தாமரை. இந்த முறை என் வழியாக இல்லை.

அவன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான்.

6

ஒரு சந்தேகம். இந்த முத்திருளனை நான் சரியாக எழுதியிருக்கிறேனா? நிஜமாகவே மனசு உடைந்தவனா, இல்லை விலை கேட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடக்கிற வாடிக்கையாளனா? அவர்கள் நடையைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். வேகமாக நடப்பார்கள், காது மட்டும் கடையிலேயே இருக்கும், கூப்பிடுவார்கள் என்று. தாமரை கூப்பிட்டுவிட்டாள். ஆனால் நிஜமாகவே போகிறவர்களும் அதே வேகத்தில்தான்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு இஷ்டமில்லை.)

7

இன்றைக்கு வியாழக்கிழமை. முடிவு எழுத வேண்டும்.

முதல் முடிவு: மாமன் எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்கிறான், சீர்த்தட்டோடு. அண்ணனும் தங்கையும் அழுகிறார்கள். கூடுகிறது. இந்த விலைக்கு நானே வாங்க மாட்டேன்.

இரண்டாம் முடிவு: அவன் வரவில்லை. தூரத்துச் சொந்தம் ஒருவர் மடியில் பிள்ளை. குறைகிறது. "ஆமா புள்ள" என்று கத்தினவன் அப்படிச் செய்ய மாட்டான்.

நடுவில் முடிப்போம்: வருகிறான், ஆனால் கோயில் வாசலோடு நிற்கிறான். துளி குறைகிறது. நிற்கிறவனைப் பிள்ளை பார்த்துக் கை நீட்டுகிறது. துளி கூடுகிறது. நீட்டுவதைப் பார்த்தும் பார்க்காதவன் போல... இப்படியே நான் பாதிக்குப் பாதி வெட்டிக்கொண்டு போகலாம். அவன் நாளைக்குச் செய்யப்போவது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. துணியை மடித்தால் குறுக்குக் கோடு கண் முன்னால் கிடக்கிறதே, அந்த அளவுக்கு நிஜமாக இருக்கிறது. எழுத்தில்தான் அடங்க மாட்டேன் என்கிறது.

எனக்கும் அழைப்பு உண்டு. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதலாம். அது சேதி. கதைக்காரன் கம்பியை இங்கேயே வெட்டிவிடுகிறான்.

கால்குலேட்டர் இப்போது உங்களிடம். பிள்ளை எச்சில் கொஞ்சம் ஒட்டியிருக்கும், துடைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை என்று வைத்துக்கொள்ளுங்கள்: கோயிலில் மாமன் உட்காரப் பலகை போட்டாயிற்று. பிள்ளைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியாயிற்று. ஆசாரி கையில் தங்கக் கம்பியோடு உட்கார்ந்திருக்கிறார். பலகை காலியாக இருக்கிறது. ரோட்டில் ஏதேதோ பைக்குகள் போகின்றன.

"நேரமாகுதும்மா" என்கிறார் ஆசாரி.

"இன்னுங் கொஞ்சம் பொறுங்க" என்கிறாள் தாமரை.

அந்தக் கொஞ்சம் எம்புட்டு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.