மூன்றாம் பாகத்து ராணி

காரைக்கால் தியேட்டரில் சுகிர்தாவின் படத்தை மறுபடியும் போட்டிருந்தார்கள். மத்தியான ஆட்டம். அப்பா திருஞானசம்பந்தம் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி சலவை வேட்டி கட்டிக்கொண்டு, அவளையும் அம்மா பங்கஜவல்லியையும் நெரவியிலிருந்து ஆட்டோவில் அழைத்து வந்திருந்தார். வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் லீவு தரமாட்டார்கள் என்று சுகிர்தா சொல்லிப் பார்த்தாள். அவரே போன் போட்டு லீவு வாங்கிவிட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், இந்தப் படம் முதலில் வந்த அன்றும் இதே தியேட்டரில்தான் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பாகம் பாகமாக வந்த ராணிக் கதை அது. முதல் இரண்டு பாகத்திலும் ராணியாக நடித்தவள் வடக்கத்திப் பெண், சுண்டினால் ரத்தம் வரும் நிறம். மூன்றாவதுக்கு டைரக்டர் என்ன நினைத்தாரோ, கல்லூரி நாடகத்தில் பார்த்த சுகிர்தாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். சுகிர்தா நல்ல கறுப்பு. கிரீடத்தோடு அவள் திரையில் வந்து நின்றதும் முன் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"ராணி எங்கடா? வேலைக்காரிய அனுப்பியிருக்கானுவோ."

தியேட்டரே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அவளைவிடக் கறுப்பு. அதை யார் போய் அவர்களிடம் சொல்வது?

ஊர் சிரித்ததை அவள் ஒரு மாதத்தில் மறந்துவிட்டாள். போனில் அவள் முகத்தைக் கரி மூட்டையில் ஒட்டிப் போட்டதையும் மறந்துவிட்டாள். மறக்க முடியாதது வேறு. அன்று இடைவேளையில் பின் சீட்டுக்காரர் அப்பாவைத் தட்டிக் கேட்டார். "நெரவிப் பொண்ணாமே இது, ஒங்களுக்குத் தெரியுமா?"

"யாருங்க அது? எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார் அப்பா.

அம்மாவுக்கு அந்தப் பக்கம், துப்பட்டாவை முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டு சுகிர்தா உட்கார்ந்திருந்தாள். அந்த இரைச்சலில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று அவர் நம்பினார். இன்று வரை நம்புகிறார். நான்காம் பாகத்துக்குக் கம்பெனி வேறொரு வெள்ளைத்தோலைத் தேடிக்கொண்டது. சுகிர்தா அதோடு யாரிடமும் வாய்ப்புக் கேட்கவில்லை. கம்பெனி மேலுள்ள கோபம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது காற்று திசை மாறிவிட்டது. மூன்றாம் பாகம்தான் உசத்தி என்றும், நம் ஊர் ராணி என்றால் நம் நிறத்தில்தானே இருப்பாள் என்றும் போனுக்குப் போன் எழுதுகிறார்கள். ஜனங்களுக்கு எது எப்போது பிடிக்கும் என்பது அந்த ஜனங்களுக்கே தெரியாது. இன்று அவள் திரையில் வந்து நின்றதும் விசில் காதைக் கிழித்தது. காகிதத்தைக் கிழித்து மேலே எறிந்தார்கள்.

சுகிர்தாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? திரையில் ராணி பேசப் பேச, இருட்டில் அவள் உதடும் கூடவே அசைந்தது. ஒரு வசனம்கூட மறக்கவில்லை. இன்னொரு தரம் கேமரா முன்னால் நிற்க மாட்டோமா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

விளக்குப் போட்டதும் அப்பா எழுந்து நின்றார்.

"எம் பொண்ணுங்க. இதோ ஒக்காந்திருக்கு பாருங்க."

அவ்வளவுதான், கூட்டம் மொய்த்துக்கொண்டது. செல்பிக்கு நின்று நின்று வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வாசலுக்கு வந்ததும் அப்பாவின் போன் அடித்தது. சினிமா கம்பெனி. ஐந்தாம் பாகம் எடுக்கிறார்கள். ராணி அவள்தான் வேண்டுமாம். பழைய நம்பரை அவள் மாற்றிவிட்டதால் ஒரு வாரமாக அப்பாதான் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் சார், பொண்ணு பக்கத்துலதான் இருக்கு" என்றவர் போனைப் பொத்திக்கொண்டார். "வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. அது போதும்."

"இதுவும் ஜனங்களுக்குப் புடிக்காமப் போச்சுன்னா என்னப்பா பண்ணுவீங்க?"

"அதெல்லாம் புடிக்கும். காலம் மாறிடுச்சும்மா."

"மறுபடி சிரிச்சாங்கன்னா?"

அப்பா அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் தன் போனை நீட்டி அவர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார்.

"அப்ப பாத்துக்கலாம்."

கூட நிற்பேன் என்று அவர் பொய்க்காகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. அவள் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"சுகிர்தா மேடமா?" என்றது எதிர்க்குரல்.

வர்றேன் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"யாருங்க அது? எங்களுக்குத் தெரியாதுங்க."

சொல்லிவிட்டுப் போனை அணைத்து அவரிடம் நீட்டினாள். திருஞானசம்பந்தம் அதை வாங்கவில்லை. படம் பிடித்தவர் இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.