பாஸ்ரா போன அப்துல் வஹாப்

குடவாசல் கடைத்தெருவில் சலாஹுதீனுக்குப் பட்டாளத்துப் பேரன் என்று பெயர். மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை. பாட்டனார் அப்துல் வஹாப் முதல் உலகப்போரில் அரபு நாட்டு பாஸ்ரா போய்த் துப்பாக்கி பிடித்தார் என்று நாற்பது வருஷமாகச் சலாஹுதீன் சொல்லி வருகிறார். டீக்கடையில் யார் எது கேட்டாலும் பதில் வைத்திருப்பார். என்ன துப்பாக்கி, எந்தத் தோளில் மாட்டினார், எத்தனை பேர் விழுந்தார்கள். விழுந்தவர்களின் தொகை ஆண்டுக்கு ஆண்டு கூடியது.

இப்போது வணிகர் சங்கம், ஊரிலிருந்து போருக்குப் போனவர்களுக்குக் கல்வெட்டு வைக்கிறது. சங்கச் செயலாளர் அமிர்தலிங்கம் உரக்கடைக்காரர். சலாஹுதீனோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

"வெள்ளிக்கிழமை கல்லு வெட்டக் குடுக்கறோம் பாய். ஆதாரம் இருந்தா உன் பாட்டனார் பேர் வரும். இல்லைன்னா அவர் மளிகைக்கடைக்காரர். அவ்வளவுதான்."

"நான் சொன்னா போதாதா?"

"நீ சொல்றதுதான்யா பிரச்சினையே."

சென்னையில் இருந்த மகள் ஹுமைரா ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பழைய படைப் பதிவுகளைப் பார்த்தாள். ஊர்வாரியாக அடுக்கி வைத்திருந்தார்கள். மாலையில் போன் செய்தாள்.

"குடவாசல்ல அப்படி யாரும் இல்ல அத்தா. பக்கத்து ஊரெல்லாம்கூடப் பாத்துட்டேன்."

சலாஹுதீன் மறுநாள் டீக்கடைப் பக்கம் போகவில்லை. அக்காள் ஹமீதா பானு வீட்டுக்குப் போய் நாற்காலியில் சாய்ந்தார்.

"கல்லுல பேர் வராது லாத்தா. இனிமே தெருவுல தலைகாட்ட முடியாது."

ஹமீதா பானு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "எந்த ஊர்ல தேடினா அவ?"

"இதென்ன கேள்வி? நம்ம ஊர்லதான்."

"நீ குவைத்துக்குப் போனப்ப பாஸ்போர்ட்ல எந்த ஊர் போட்ட?"

"அதிராம்பட்டினம். மாமியார் வீடு."

"ஏன்?"

"அங்க மாப்பிள்ளை பொண்ணு வீட்டோடதானே இருக்கணும். அதான் வழக்கம்."

"பாட்டனார் எங்க கல்யாணம் பண்ணாரு?"

"அதே அதிராம்பட்டினத்துலதான்." சலாஹுதீன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பட்டாளத்துக்குப் போயிட்டு வந்த பிறகுதான் பொண்டாட்டியை இங்க கூட்டிட்டு வந்து கடை போட்டாரு. ஒனக்கு வந்த புத்திதான் அவருக்கும் வந்திருக்கும்" என்றாள் அக்காள். "போனைப் போடு."

வியாழக்கிழமை ஹுமைரா அகப்பட்டதைப் படம் எடுத்து அனுப்பினாள். அப்துல் வஹாப், அதிராம்பட்டினம். மனைவி பாத்திமா. பாஸ்ராவில் இரண்டு வருஷம். சலாஹுதீன் சட்டையைக்கூட மாற்றாமல் உரக்கடைக்கு நடந்தார். பாதி வழியில்தான் கடைசி வரியைப் படித்தார். அங்கேயே நின்றார். பின்னால் வந்த டிராக்டர்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்து, ஒதுங்கிப் போனார்.

அமிர்தலிங்கம் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"ஊர் வேற போட்டிருக்கே."

"அது அவர் மாப்பிள்ளையாப் போன ஊரு."

"ஆமா, நீயும் அப்படிப் போனவன்தானே. சரி, ஒத்துக்கறேன்." அவரும் கடைசி வரிக்கு வந்தார். நிமிர்ந்து பார்த்தார். "கோவேறு கழுதை ஓட்டி?"

"அப்படித்தான் இருக்கு."

"துப்பாக்கி?"

"குடுக்கல போல. தண்ணியும் ரொட்டியும் ஏத்திட்டுப் போறது."

அமிர்தலிங்கம் சிரிக்கவில்லை. அதுதான் சலாஹுதீனுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"பாய், ஒண்ணு பண்ணலாம். படைவீரர்னு பொதுவாப் போட்டுடறேன். உன் கதையும் பிழைச்சுக்கும். பேப்பரை நான் யாருக்கும் காட்ட மாட்டேன்."

சலாஹுதீன் உர மூட்டைமேல் உட்கார்ந்தார். நல்ல ஏற்பாடுதான். நாளைக்கே டீக்கடையில் காலை நீட்டி உட்காரலாம். ஆனால் கடைசியில் அவர் சொன்னது வேறு.

"வேணாம் லிங்கம். இருக்கிறதை அப்படியே வெட்டச் சொல்லு. கழுதையோட."

"தெரு பூரா சிரிக்கும்யா."

"என்னையத்தானே சிரிப்பாங்க? அவர் நெஜமாவே போயிருக்காரு."

அமிர்தலிங்கம் வரிசையின் கீழே எழுதிக்கொண்டார். பேனாவை மூடும்போது ஆவலாகக் கேட்டார்.

"கோவேறு கழுதை உதைக்குமே. குண்டு விழற எடத்துல அதை எப்படி அடக்கி ஓட்டிட்டுப் போனாரு?"

சலாஹுதீன் மூட்டையை விட்டு எழுந்தார்.

"எனக்குத் தெரியாதுய்யா" என்றார்.