வாத்துப் படம் போட்ட வளையம்

"வயித்துல கட்டி. யார் கேட்டாலும் அவ்வளவுதான் சொல்லணும்" என்று ராமசாமி மாமா மூன்றாவது முறையாகச் சொன்னபோது, துளசி, இறந்து கிடந்த தன் அக்கா அம்சவல்லியின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு விழவே மாட்டேனென்றது.

அம்சவல்லிக்கு வந்தது ஆசனவாய்ப் புற்றுநோய். ரத்தம் போனதும் "சூட்டு மூலம்" என்றாள். அரிப்பும் சூடு, கையில் தட்டுப்பட்ட சின்னக் கட்டியும் சூடு. தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் நின்றதால் வந்ததாம். மலேசியாவின் கேமரன் மலைக் குளிரில் சூடாம், கேளுங்கள்! இரண்டு வருஷம் வெந்தயத் தண்ணீர் குடித்தாள். எஸ்டேட் கிளினிக்கில் இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, வயிற்று வலிக்கு மாத்திரை வாங்கி வந்தாள். ஈப்போ ஆஸ்பத்திரி டாக்டர் பார்க்கும்போது நோய் பரவிவிட்டது. "ஆரம்பத்துலயே வந்திருந்தா குணமாக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு" என்றார் அவர். "வெளிய சொல்லாதடி, மானம் போயிரும்" என்று அக்கா துளசியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு ரமணி காலையிலிருந்து சரியாக உட்காரவில்லை. உட்கார்ந்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். அவள் துளசியை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"கேக்கக்கூடாதுதான் துளசி. அம்சாக்கா உக்காருவாங்களே, அந்த வளையம். யாருக்கும் வேணாம்னா எனக்குத் தர்றியா?"

பிரிஞ்சாங் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய பிள்ளைகளின் நீச்சல் வளையம் அது. மஞ்சள் வாத்துப் படம் போட்டது. வலி பொறுக்காமல் அக்கா கடைசி எட்டு மாதமும் அதன்மேல்தான் உட்கார்ந்தாள்.

"உனக்கெதுக்கு?"

"சும்மாதான் லா. சூடு."

துளசி குரலைத் தாழ்த்தினாள். "ரத்தம் போவுதா?"

ரமணி வாசலைப் பார்த்தாள். "கொஞ்சமாதான். நாலு மாசமா. அக்காதான் வெந்தயம் ஊறவச்சுக் குடிக்கச் சொன்னாங்க."

அடக் கடவுளே! அக்கா போன பிறகும் அவள் வைத்தியம் நடக்கிறதே! துளசிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. கூடத்துக்கு ஓடினாள்.

"எல்லாரும் கேளுங்க! எங்கக்காவுக்கு வயித்துல கட்டி இல்ல. ஆசனவாயில புத்துநோய். மூலம், மூலம்னு சொல்லியே போயிட்டா!"

ஒப்பாரி பட்டென்று நின்றது.

"ரத்தமோ கட்டியோ, அரிப்போ வலியோ, எது இருந்தாலும் போய்க் காட்டுங்க. மூலமாவும் இருக்கலாம். அத டாக்டர் பாத்துச் சொல்லட்டும், நாமளே சொல்லிக்க வேணாம்!"

"பொணத்த வச்சிக்கிட்டு என்னடி பேச்சு!" மாமா கத்தினார்.

"அவ முன்னாலயேதான் மாமா பேசணும்!"

திரிங்காப்பிலிருந்து வந்திருந்த லோரி டிரைவர் காளிமுத்து தொண்டையைச் செருமினார். "இது ஆம்பளைங்களுக்கும் வருமா தங்கச்சி?"

"வரும்ணே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

பிணம் போனதும் வீட்டைக் கழுவி, குளித்து, ஈரத் தலையோடு துளசி தன் புருஷன் மகேனைக் காரை எடுக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கிளம்புவதற்குள் போயாக வேண்டும். "இன்னைக்கேவா?" என்று முனகிய ரமணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். பின்சீட்டில் வளையத்தைப் போட்டாள்.

மகேன் அதை அமுக்கிப் பார்த்தான். "காத்து கொறஞ்சிருக்கு. ஊதட்டுமா?"

"வேணாம். அது அக்கா ஊதுனது."

ரமணி அதன்மேல் மெதுவாக, நேராக உட்கார்ந்தாள்.