கடற்கரைக்காரி காத்திருந்தாள்

பீடி சுற்றுகிறவனுக்குக் கைதான் ஓயாது. காது சும்மாதான் இருக்கும். அதனால் மதுரைக் காஜிமார் தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தப் பட்டறையில் காதுக்கென்று ஓர் ஆளை வைத்திருந்தார்கள். வெங்கடரமணன் என்று பேர். சௌராஷ்டிரப் பிள்ளை, இன்டர்மீடியட்டில் தவறியவர். காலையில் பேப்பரிலிருந்து யுத்தச் செய்தி வாசிப்பார். அது தீர்ந்ததும் பழைய புத்தகக் கடையில் எடுத்த ஒரு இங்கிலீஷ் நாவல். கண்ணால் இங்கிலீஷைப் பார்த்து வாயால் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். அதற்குக் கூலியாக ஆளுக்கொரு கட்டு பீடியை அவர் பேரில் சுற்றிப் போட்டுவிடுவார்கள்.

நாவலில் கப்பலேறிப் போன புருஷன் திரும்பவில்லை. பெண்சாதி கடற்கரையில் நிற்கிறாள். எந்த அத்தியாயமானாலும் கடைசி வரி ஒன்றேதான். ‘ஷி வெயிட்டட்.’

“காத்திருந்தாள்,” என்று முடித்தார் வெங்கடரமணன்.

“நேத்தும் அதானய்யா சொன்னீரு?” என்றார் முகம்மது கனி. பட்டறையில் மூத்தவர், கையைவிட வாய் வேகமாக ஓடும். “எழுதுனவனுக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா? நம்மாளா இருந்தா வழி பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சுன்னு எழுதுவான்.”

“காத்துக் கெடந்தான்னு சொல்லுங்க சாமி,” என்றான் எதிர் வரிசையில் இருந்த காளை. “இருக்கறது வேற, கெடக்கறது வேற.”

“கிடந்தாள்னா இளப்பமா போயிரும் காளை. இங்கிலீஷ்காரன் இந்த மாதிரி இடத்துல ஒரு சின்ன வார்த்தையப் போட்டுட்டு வாய மூடிக்குவான். மிச்சத்த நாமதான் நெனச்சுக்கணும்,” என்றார் வெங்கடரமணன்.

“சும்மா நிக்கிறதுக்கு ஒரு வார்த்தை. அதுல மிச்சத்த நாம வேற நெனைக்கணுமா?” கனி திரும்பினார். “ஏம்ப்பா சேக்கு, நீ சொல்லு. நீதான் இதுல அனுபவஸ்தன்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு, சிரித்திருக்க வேண்டாம் என்று பட்டது.

சேக் மைதீன் மடியில் இருந்த புகையிலை முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவன் பெண்சாதி லத்தீபா பிரசவத்துக்கு மேலூர் போனவள். பிறந்த பிள்ளை தங்கவில்லை. பிள்ளை இருந்திருந்தால் நாற்பது நாள் தீட்டுக் கழிந்ததும் தாய்வீட்டார் தொட்டில், சாமானோடு கொண்டுவந்து விடுவார்கள், அதுதான் முறை. வெறுங்கையோடு இருக்கிற பெண்ணை யார் முதலில் அசைந்து கூப்பிடுவது என்பதற்கு முறை எதுவும் இல்லை. “அவுக கொண்டாந்து விடட்டும்,” என்றாள் அவன் தாய் அஜ்மல் பீவி. “அவுக வந்து கூப்பிடட்டும்,” என்றது மேலூர். நாற்பது போய், அதற்குப் பின்னும் எத்தனையோ நாள் போய்விட்டது.

வாசலில் நிழல் தட்டியது. லத்தீபாவின் அண்ணன் அப்துல் அலீம். சாக்கு வாங்க மதுரைக்கு வந்தவர்.

“வாங்க மச்சான்,” என்றான் சேக் மைதீன். கை நிற்கவில்லை.

அலீம் உட்காரவில்லை. “அவ எதையும் கேக்கச் சொல்லல மாப்ள. எப்படி இருக்காகன்னு பாத்துட்டு மட்டும் வரச் சொன்னா.”

“நல்லாருக்கேன்னு சொல்லுங்க.”

அவள் தூங்குகிறாளா, மாரில் பால் கட்டினது வடிந்ததா, ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறாளா என்றெல்லாம் அவனுக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது. கூடப்பிறந்தவனிடம் எந்த வாயால் கேட்பது? அதுவும் பட்டறையே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது? விரல்கள்தான் ஓடின. இலையை எடுத்தன, உருட்டின, முனையை மடித்தன, நூலைச் சுற்றின.

அலீம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “கை நிக்காம ஓடுது. நல்லாத்தான் இருக்கீக. பாத்தத அவகிட்ட அப்படியே சொல்லிர்றேன். அத்தா ஜமாத்துல சொல்லி ஒறவத் தீத்துக்கிடலாம்னு சொல்றாக. நான்தான் நிறுத்தி வச்சிருந்தேன். இனிமே நிறுத்தல.”

போய்விட்டார்.

“அட கூறுகெட்டவனே!” கனி கத்தினார். “செத்த நேரம் அந்தக் கையை நிறுத்தித் தொலைச்சா என்ன? தேடி வந்த மனுசன் முன்னால மிசினு மாதிரி…” பேசிக்கொண்டே எட்டி அவன் முறத்திலிருந்து ஒரு பீடியை எடுத்தவர், அதை நசுக்கிப் பார்த்தார். இன்னொன்றையும் எடுத்து நசுக்கினார். அவர் குரல் இறங்கிப்போனது. “உள்ள தூளே இல்லையேப்பா.”

அலீம் நின்ற நேரமெல்லாம் சேக் மைதீன் வெறும் இலையைச் சுற்றிக் கட்டியிருந்தான். ஒன்றில்கூடப் புகையிலை இல்லை.

வெங்கடரமணன் புத்தகத்தை மூடினார்.

சேக் மைதீன் அந்த வெற்றுப் பீடிகளைப் பார்த்தான். கடற்கரைக்காரி நின்றதற்குக் காரணம் இருந்தது. அவளால் கடல்மேல் நடக்க முடியாது. மேலூருக்குத் தினமும் பஸ் போகிறது. முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தான்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி எரித்து ஓடிய கரிவாயு பஸ் அவ்வளவு லேசில் கிளம்பாது. பின்னால் ஒருவன் வியர்த்துக்கொண்டு காற்றுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். சேக் மைதீன் ஏறியதும் அலீம் நிமிர்ந்து பார்த்தார். சாக்குக் கட்டை மடியில் தூக்கி வைத்து இடம் விட்டார். யானைமலை தாண்டிய பிறகுதான் கேட்டார்: “ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

மேலூர் வீட்டில் மாமனார் வயலுக்குப் போயிருந்தார். அலீம் அவனைக் கூடத்துப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். உள்கட்டுத் திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் வந்து நின்றன. மெலிந்திருந்தன.

“யாரு வரச் சொன்னா?” என்றது குரல்.

“யாரும் சொல்லல.”

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தான். வாயில் வந்தது வேறு. “வீட்டுக் கொடியில ஒன் சேலை இல்ல. பாக்க நல்லால்ல.”

திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “வெறுங்கையா எப்படி மச்சான் வாரது? மாமி மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

“நானும் வெறுங்கையாத்தான் வந்திருக்கேன்.”

“அதான் பாத்தேனே. ஒரு பொட்டணம் பூந்திகூட இல்லாம மாமியா வீட்டுக்கு வந்த மொத ஆளு நீங்கதான்.” சிரிப்பு பாதியில் உடைந்தது. பிறகு சொன்னாள்: “இன்னைக்கு ஒங்க கூட வந்தா ஓடி வந்தவன்னு பேராயிரும். நாளைக்கு மாமியக் கூட்டிட்டு வாங்க.”

“அவுக வரமாட்டேன்னா?”

“நாளைக்கும் நீங்களே வாங்க. நாளான்னைக்கும் வாங்க. மாமி எம்புட்டு நாளைக்கு ஒத்தையில ஒக்காந்து சோறு திம்பாக?”

வாசலிலிருந்து அலீம் குரல் கொடுத்தார். “பஸ்காரன் கரி போட்டுட்டான் மாப்ள!”

“வாரேன்,” என்றான் சேக் மைதீன் திரையைப் பார்த்து.

“ம்,” என்றாள் லத்தீபா.

அந்தப் பாதங்கள் நகரவில்லை. அவனும் பெஞ்சை விட்டு எழவில்லை. தெருமுனையில் பஸ் இருமி, அடங்கி, மறுபடி இருமியது.